மாதிரிக் கதவு

"தச்சர் வேலை செய்யறப்போ பக்கத்துல நின்னு அவரோட... பார்க்கணும்டா" என்று பெரியப்பா அடிக்கடி சொல்வார். எதைப் பார்க்கணும் என்பது மட்டும் சமூகக் கூடத்துச் செயலாளருக்கு மறந்துபோயிருந்தது. கையையா, கண்ணையா? எதற்கும் இருக்கட்டும் என்று அவர் எல்லாவற்றையும் பார்த்தார். வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

கூடத்தில் மொத்தம் எட்டுக் கதவுகள். மழைக்கு ஊதி, வெயிலுக்குச் சுருங்கி, ஒன்றுகூட ஒழுங்காகச் சாத்தாது. முதலில் குழந்தைகள் வகுப்பறைக் கதவை மட்டும் மாதிரிக்குச் செய்து காட்டட்டும், பிடித்தால் மீதி ஏழும் அவருக்கே என்று பேச்சு. மூன்று மாதமாகக் கையில் வேலை இல்லை என்று தச்சர் வந்த அன்றே ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

அப்படிப்பட்டவர் முதல் நாள் உளியையே தொடவில்லை. குழந்தைகள் நடுவே சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றின் கையாக வாங்கி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தது கதவு பார்க்கவா, கைரேகை பார்க்கவா என்று பொருளாளர் கேட்டதற்கு, சிரித்துக்கொண்டே பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாராம்.

மூன்றாம் நாள் வேலை முடிந்தது. செயலாளர் போய்க் கதவைச் சாத்திப் பார்த்தார். மேல்பாதி கச்சிதம், ஒரு குறை சொல்ல முடியாது. கீழ்ப்பாதியில்தான், அவர் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும், கதவுக்கும் நிலைக்கும் நடுவே 'வா வா' என்று ஓர் இடைவெளி. போதாததற்கு, கீல் பக்கம் முழுக்கத் தடித்த ரப்பர் பட்டை வைத்து அடைத்திருந்தது.

"என்னங்க இது? பூனை வாலை விட்டு ஆட்டலாம் போலிருக்கே."

"கடிக்காம இருக்கணும்ல சார். அதான் இழைச்சு விட்டேன்."

"கடிக்கக் கூடாதுன்னுதானே உங்களைக் கூப்பிட்டதே. அதுக்காக இவ்வளவா இழைப்பாங்க?"

"இதைவிடக் குறைச்சா கடிச்சிடும் சார்."

"அப்போ அந்த ரப்பர்?"

"அந்தப் பக்கம்தான் ரொம்பக் கடிக்கும்."

கதவு நிலையில் போய் உரசினால், 'கடிக்குது' என்றுதான் செயலாளரும் சொல்வார், செருப்பு கடிக்கிற மாதிரி. ஆனால் உரசல் போக ஒரு நூல் இழைத்தால் போதாதா? இந்த மனுஷன் கிட்டத்தட்ட ஒரு விரல் கனத்துக்கு இழைத்து வைத்திருக்கிறாரே.

சரிபண்ணித் தாருங்கள் என்று இரண்டு தடவை கூப்பிட்டு அனுப்பினார். இரண்டு தடவையும் தச்சர் வந்தார், ஓரத்தை உப்புத்தாள் போட்டு இன்னும் வழுவழுப்பாக்கினார், கீலுக்கு எண்ணெய் விட்டார், போனார். இடைவெளி அப்படியே இருந்தது. கேட்டால், "அதான் சொன்னேனே சார்" என்கிறார். என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை.

நாளை முதல் வரவேண்டாம், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று செயலாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். தச்சர் இழைப்புளியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

"ஏழு கதவு போனாப் போகுது சார். இதை மட்டும் இப்படியே விட்டுடுங்க."

செய்த கோணலுக்கு இவ்வளவு பாசமா என்று செயலாளருக்குத் தோன்றியது.

மறுநாள் காலை, கூடத்து வராந்தாவில் நின்றபடி வேறொரு தச்சருக்குப் போன் போட்டார். எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே குழந்தைகளுக்கு வகுப்பு விட்டது.

எல்லோருக்கும் முன்னால் வெளியே வந்த பொடிசு ஒன்று, ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஷூ மாட்ட ஆரம்பித்தது. நான்கு விரலும் சரியாகக் கதவு வந்து சாத்துகிற இடத்தில். உள்ளேயிருந்து இன்னொரு வாண்டு, முதுகைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக் கதவைத் தள்ளியது.

செயலாளர் கத்த வாயைத் திறந்தார்.

அதற்குள் கதவு 'டப்' என்று சாத்திக்கொண்டது.

பொடிசு நிமிரக்கூட இல்லை. குதிகாலை அழுத்தி ஷூவுக்குள் திணித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து எடுக்கிற மாதிரி விரல்களை எடுத்துக்கொண்டது.

செயலாளர் ஓடிப்போய் மண்டியிட்டு அந்தக் கையைப் பிடித்தார். ஒவ்வொரு விரலாக எண்ணினார். அஞ்சும் இருந்தன.

"வலிக்குதா செல்லம்?"

பொடிசு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

"இந்தக் கதவு கடிக்காது தாத்தா. அதுதான் கடிக்கும்."

அது கைகழுவும் அறைக் கதவைக் காட்டியது. காட்டிய மறு கையின் விரலில் நகம் கன்றிக் கறுத்துப்போயிருந்தது.

"அந்தக் கதவும் கடிக்கும், மாடிக் கதவும் கடிக்கும். தச்சர் தாத்தாகிட்ட சொன்னோமே. எல்லார் விரலையும் அளந்தாரு."

செயலாளர் எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே தன் சுண்டுவிரலை அந்த இடைவெளியில் விட்டுப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது. அது அவருக்கு எடுத்த அளவு இல்லை.

கையிலிருந்த போனில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். "ஹலோ சார், தச்சு வேலைதானே? எத்தனை கதவு?"

தானே போட்ட போனை "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்தார். பிறகு பழைய தச்சரைக் கூப்பிட்டு, மீதி ஏழு கதவையும் இதே மாதிரி கெடுத்துத் தரச் சொன்னார்.