இரண்டாவது கோல்கீப்பர்

"சுத்தி வளைக்காதே ஹன்னுஸ். வியாழக்கிழமை கோல்ல நான் நிக்கிறேனா, இல்லையா?"

படகுக் கொட்டகைக்குள் கவிழ்த்துப் போட்டிருந்த தன் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்த ரெக்வி, தலை நிமிராமலே கேட்டான்.

வாசலில் நின்ற ஹன்னுஸ் நனைந்த தொப்பியைக் கழற்றி உதறினான். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் இப்போது வாயில் வரவில்லை.

"இல்லை" என்றான்.

பிரஷ் அப்படியே நின்றது.

வட அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவுகளில் அந்தச் சின்னத் துறைமுகத்து அணிக்கு வெகுகாலமாக ரெக்விதான் கோல்கீப்பர், ரெக்விதான் கேப்டன். அவனோடு ஒன்றாக ஆடிய ஹன்னுஸ் இப்போது பயிற்சியாளர். தகுதிச் சுற்றுகளையெல்லாம் தாண்டி ஐரோப்பியப் போட்டிக்குள் அணி நுழைந்திருப்பது இதுதான் முதல் தடவை. கடைசி ஆட்டத்தில் பெனால்டியைப் பாய்ந்து தடுத்து அணியை உள்ளே கொண்டுபோனவனும் ரெக்விதான். கடைத்தெருவில் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

"அப்ப யாரு நிக்கப் போறது?"

"பியார்னி."

ரெக்வியின் தொண்டையிலிருந்து சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"அந்தப் பயலா? உசரத்துல பந்து வந்தா கண்ணை மூடிக்குவான்டா!"

"போன வருஷம் மூடினான். இப்ப மூடறதில்லை. நானே பக்கத்துல நின்னு பார்த்தேன்."

"வெளியூர் போனா பத்து தடவை உலுக்கினாத்தான் படுக்கையை விட்டு எழுந்திருப்பான்."

"எழுந்தப்புறம் தூங்கறதில்லையே. அது போதும் எனக்கு."

"வாய் ஜாஸ்தி. என்கிட்டயே எகிறுவான்."

"கோல்கீப்பர்னா எகிறணும். நீ எகிறாத எகிறா? நம்ம காலத்துல உன் சத்தத்துக்குப் பயந்தே நான் ஓடி ஓடி ஆடினேன்."

ரெக்வி பிரஷைத் தார் டப்பாவில் முக்கினான். எடுத்துப் பூசாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"டென்மார்க்லேருந்து ஒருத்தனைக் கூட்டிட்டு வா. கிளப் தலைவர்தான் காசு தர்றேங்கிறாரே."

"போய் மூணு பேரைப் பார்த்துட்டுத்தான் வந்தேன். அவங்கள்ல ஒருத்தனுக்கும் பியார்னி மாதிரி கால் இல்லை." ஹன்னுஸ் கொட்டகைக்குள் வந்து ஒரு காலி மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். "இங்க லீக்ல பந்தைத் தூக்கி அடிச்சா காத்து பார்த்துக்கும். அங்க அப்படி அடிச்சா அடுத்த நிமிஷம் நம்ம கோலுக்கே திரும்பி வரும். கழுத்துப் பிடியா நெருக்குவாங்க. அந்த நெருக்கடியில பந்தைக் காலாலேயே வாங்கி, நிதானமா நம்ம ஆளுக்குத் தள்ளிவிடறவன் வேணும். கோலை விட்டு முன்னாடி வந்து நிக்கறவன் வேணும். அப்பத்தான் மத்தவங்களும் பயமில்லாம ஏறி ஆடுவாங்க. உன்னால அது முடியாது. உனக்கே தெரியும்."

"தெரியும்" என்றான் ரெக்வி, மெதுவாக. "ஊர்க்காரங்க என்ன சொல்வாங்க?"

"என் வீட்டு ஜன்னலை உடைப்பாங்க. கண்ணாடி மாத்திக்கறேன்."

"முதல் ஆட்டத்துலயே நாலு கோல் விட்டான்னா?"

"ரெண்டாவது ஆட்டத்துலயும் அவன்தான் நிப்பான்."

கூரைத் தகரத்தில் மழை வலுத்தது. ஹன்னுஸ் தொப்பியைக் கைக்குள் கசக்கினான். வந்த வேலையில் கஷ்டமான பாதி இன்னும் மிச்சம் இருந்தது.

"ரெக்வி, நீ கோவிச்சுக்கிட்டு விலகிப் போயிடக் கூடாது. எனக்கு நீ மாத்து ஆளா பெஞ்சுல வேணும். வியாழன் ஐரோப்பா, ஞாயிறு லீக், நடுவுல விமானம். பதினோரு பேரை வச்சுக்கிட்டு இதைத் தாண்ட முடியாது. பெரிய கிளப்காரன் ஒவ்வொரு இடத்துக்கும் ரெண்டு பேரைக் காசு கொடுத்து வாங்குவான். நம்மகிட்ட இருக்கறவன் எலக்ட்ரீஷியன், தச்சன், சால்மன் மீன் பண்ணையில வேலை செய்யறவன். முதல் ஆளைப் பார்த்து ரெண்டாவது ஆள் பொறாமைப்படாம இருக்கணும். அது ஒண்ணுதான் நம்மால முடிஞ்ச பலம். கேப்டனே பெஞ்சுல உட்கார்ந்தா வேற எவன் முனகுவான்?"

ரெக்வி பிரஷைத் தூக்கிப் பிடித்தான். தார் சொட்டுச் சொட்டாக டப்பாவுக்குள் விழுந்தது. இப்போது கொக்கியில் தொங்கிய கோல்கீப்பர் கையுறைகளை எடுத்து முகத்தில் வீசப் போகிறான் என்றுதான் ஹன்னுஸ் நினைத்தான்.

"கடைசியா ஒண்ணு கேக்கறேன். எனக்காகன்னு வச்சுக்கோ, இன்னும் ஒரு வருஷம் அவனை உட்கார வையேன்?"

ஹன்னுஸ் நிமிர்ந்து பார்த்தான். இத்தனை வருஷத்தில் ரெக்வி அவனிடம் எதையும் கேட்டதில்லை.

"முடியாதுடா. உனக்காகக்கூட முடியாது. மன்னிச்சுடு. அவன் உன்னைவிட நல்லா ஆடறான்."

ரெக்வி பிரஷைக் கீழே வைத்தான். கைகளைக் கந்தைத் துணியில் அழுத்தித் துடைத்தான். எழுந்து வந்து ஹன்னுஸின் தோளைப் பிடித்து இறுக அணைத்துக்கொண்டான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. முகம் முழுக்கச் சிரிப்பு.

"என்னடா இது?" ஹன்னுஸ் திணறினான். "இவ்வளவு நேரம் அவனைக் கிழி கிழின்னு கிழிச்சே!"

"ஒரு குறைக்காவது நீ தலையாட்டறியான்னு பார்த்தேன், ஆட்டலை" என்றான் ரெக்வி. "பெஞ்சுல தாராளமா உட்கார்றேன். என்னை ஓரங்கட்டற பாவத்துக்கு ஈடா என் மகனுக்கு இடம் கொடுக்கிறியோன்னுதான் பயந்துக்கிட்டிருந்தேன்."