துரை ஏறிய வண்டி

உடப்புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களா இப்போது ஹோட்டல். முற்றத்தில் புதுத் தகரக் கூரைக்குக் கீழே, அந்தக் காலத்துத் துரை ஏறிப் போன குதிரை வண்டி நனையாமல் நிற்கிறது. ஒழுகுகிற லயத்து வரிசை வீட்டிலிருந்து வேலைக்கு வந்த றோசலின் அதன் பித்தளை விளக்கைத் துடைக்கிறாள். பிரசவ வலியில் அலறும் பக்கத்து வீட்டு டிலுக்ஷியைக் கம்பளியில் கிடத்தி நாலு பேர் மழையில் தூக்கி வருகிறார்கள். "ஆஸ்பத்திரிக்கு வேனைக் குடுங்க சேர்," என்கிறாள் றோசலின். "வேன் வெள்ளைக்காரங்களக் கூட்டி வரப் போகணும். கொழுந்து லொறி வரும், அதுல ஏத்துங்க," என்கிறார் மேனேஜர். துணியை வீசிவிட்டு றோசலின் வண்டிக் கதவைத் திறக்கிறாள். டிலுக்ஷியை வெல்வெட் மெத்தையில் சாய்க்கிறார்கள். "பைத்தியமா? குதிரைக்கு எங்க போவீங்க?" மேனேஜர் கத்துகிறார். நாலு பேரும் ஏர்க்காலைத் தூக்கித் தோளில் வைக்கிறார்கள். "இந்தத் தோட்டத்துல குதிரைக்கு என்னைக்கு சேர் பஞ்சம்?" என்கிறாள் றோசலின்.