அவர் ரத்தத்தையும் எடுங்க

"அவர் ரத்தத்தையும் எடுங்கம்மா. தப்பிக்க விட்டுடாதீங்க!"

சக்கர நாற்காலியில் இருந்தபடியே அந்த அம்மா உத்தரவு போட்டார். ஊசியைப் பார்த்ததும் வீட்டுக்காரருக்கு முகம் வெளிறிவிட்டது.

"நோய் உனக்கு. என்னை எதுக்குக் குத்தணும்?"

"ஆராய்ச்சின்னா அப்படித்தான். பேசாம கையை நீட்டுங்க."

ரத்தம் எடுக்கும் நர்சுக்கு எரிச்சலாக வந்தது. மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் வந்து நரம்பு தளர்ந்தவர்களில் பலருக்கு மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்துகொள்கின்றன. அதற்கு ரத்தத்தில் ஏதாவது அடையாளம் கிடைக்குமா என்று தேடுகிற ஆராய்ச்சி அது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வீட்டில் கூட இருப்பவரும் ரத்தம் கொடுக்கலாம், மனநல டாக்டரிடம் பேசலாம். அதுவும் விருப்பப்பட்டால்தான்! இந்த அம்மாவோ மனுஷனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறை.

அவரும் வந்ததிலிருந்து ஓய்ந்தபாடில்லை. நாற்காலியைத் தள்ளினார், தண்ணீர் பிடித்து வந்தார், நடுவில் ஜோக் வேறு.

"கல்யாணமானதுலேர்ந்து இவ குடிச்சது போக மிச்சம் ஏதாவது இருந்தா எடுத்துக்கோங்க, சிஸ்டர்!"

ஒருவழியாக ஊசி குத்தி முடிந்தது.

"அடுத்து டாக்டர் ரூம். நீங்க முதல்ல போங்க" என்றார் அம்மா.

"நான் போய் என்னத்தைப் பேச?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. எனக்காக."

உடனே எழுந்து போனார். கதவு சாத்திக்கொண்டது. முதலில் அவர் சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றுபோனது. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

நர்சுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்கம்மா. உங்களுக்காக இவ்வளவு ஓடுறார். அவரைப் போய் இந்தப் பாடு படுத்துறீங்களே?"

அந்த அம்மா கோபப்படவில்லை. மூடிய கதவையே நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் மனச்சோர்வு வந்துச்சும்மா. சிகிச்சை எடுத்துத் தேறிட்டேன். இவர்தான் பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு உட்கார்ந்து அழறார். டாக்டர்கிட்ட போகலாம்னா, 'எனக்கென்ன குறைச்சல்'னு சிரிக்கிறார். தனக்காக ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார். எனக்காகன்னா எங்கே வேணும்னாலும் வருவார்."

உள்ளேயிருந்து யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அதான் டாக்டர்கிட்ட விஷயத்தைச் சொல்லிட்டு இந்த ஆராய்ச்சியில சேர்ந்தேன். இன்னிக்கு அவருக்குத் துணையா வந்திருக்கிறது நான்தாம்மா."