வலப்பக்க இதயம்

"கண் டாக்டரைப் பார்த்தியா, இல்லையா?" மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்காமலே கேட்டார் பேராசிரியை.

அதில் அக்கறை துளியும் இல்லை என்பது ஆராய்ச்சி மாணவிக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மீன் கருவில் இதயம் இடப்பக்கம் சாயும். ஒரு மருந்து கலந்த தண்ணீரில் வளர்த்தால் வலப்பக்கம் சாயும் என்று கண்டுபிடித்துத்தான் பேராசிரியை பேர் வாங்கினார். இந்த லேபே அதனால் வந்தது. மாதக்கணக்கில் மல்லுக்கட்டியும் மாணவிக்கு ஒரு இதயம்கூடத் திரும்பவில்லை. இன்றும் அது அவள் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அவள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மேசையில் இரண்டு கண்ணாடித் தட்டுகள். ஒன்றில் மருந்து, ஒன்றில் வெறும் தண்ணீர். எது எதுவென்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது என்பது லேபின் சட்டம்.

தட்டுகளைத் தயார் செய்து, எதில் எது என்று எழுதியது தெரியாதபடி மேலே டேப் ஒட்டியவர் பேராசிரியைக்கு அடுத்த நிலையில் இருந்த விஞ்ஞானி. முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் 'ஆமாஞ்சாமி'. அம்மா வயிற்றிலேயே தலையாட்டப் பழகியவர் என்று மாணவர்கள் கிண்டலடிப்பார்கள்.

"மேடம், நேத்தே சொல்ல வந்தேன்..." என்று இழுத்தார் அவர்.

"நேத்தே சொன்னேன்ல? எனக்குச் சாக்கு வேண்டாம், தட்டு வேணும். சும்மா இருங்க."

"சரிங்க மேடம்."

பேராசிரியை முதல் தட்டைத் தள்ளி வைத்தார். "இது இடப்பக்கம். வெறும் தண்ணி."

இரண்டாவதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இதோ, வலப்பக்கம். ஒண்ணு விடாம திரும்பியிருக்கு. வந்து பாரு."

மாணவி குனிந்து பார்த்தாள். கடுகளவுகூட இல்லாத இதயங்கள் துடித்துக்கொண்டிருந்தன. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் பிழைத்துக்கொள்ளலாம்.

"எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது மேடம்."

"அப்போ நான் புளுகுறேனா?"

"அப்படிச் சொல்லல."

"நாளையிலேருந்து வராதே. கண்ணும் இல்லாம, கையும் விளங்காம, உனக்கெல்லாம் எதுக்கு ஆராய்ச்சி?"

பேராசிரியை ஆமாஞ்சாமி பக்கம் திரும்பினார்.

"டேப்பை உரிச்சு இவளுக்குக் காட்டுங்க. ரெண்டாவதுலதானே மருந்து?"

இந்த முறை ஆமாஞ்சாமி தலையாட்டவில்லை.

"இல்ல மேடம். மருந்து இன்னும் வரவே இல்ல. ரெண்டும் வெறும் தண்ணிதான்."