போனில் பேசிய குரல்

கறுப்பு முகத்தைப் பார்த்ததுமே வாடகைக்கு வீடு காலியில்லை என்று சொல்லிவிடுவது லிஸ்பனில் வழக்கம். அதனால் இந்தமுறை ஐவனீஸ் போனிலேயே வெள்ளைக்காரி மாதிரி குரலை மாற்றிப் பேசினாள். வீட்டுக்காரம்மாவும் அசல் வெள்ளைக்காரித் தோரணையில், "நல்ல குடும்பமா தெரியுது, வாங்க" என்றாள்.

"நேர்ல போனா மூஞ்சியை எங்கடி ஒளிப்ப?" என்று தோழி டிஜா கேட்டாள்.

"கதவு திறந்ததும் காலை உள்ள வச்சிருவேன். அப்புறம் எப்படிச் சாத்துவா?"

கதவைத் திறந்தது இவளைவிடக் கறுப்பான ஓர் அம்மா.

"வீட்டுக்காரம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

"நான்தான்டி. நீயே என்னை வேலைக்காரின்னு நெனச்சா, போன்ல என் சொந்தக் குரலைக் கேட்டு எவ வாடகைக்கு வருவா?"

ஐவனீஸுக்கு வெட்கத்தில் சிரிப்பு வந்தது.

"புருஷன் எங்க?"

சிரிப்பு நின்றது. "இல்லம்மா. நானும் என் பொண்ணும்தான்."

"எனக்கும்தான் இல்ல. போய்ப் பொண்ணைக் கூட்டிட்டு வா, சாப்பாடு ஆறுது."