நரித்தோல் தொப்பி

ஞாயிறு மதிய வெயில் வெலினாவின் சமையலறை மேசைமேல் கிடக்கிறது. பாலாடைக்கட்டி ரொட்டியின் துணுக்குகளும் பகடைகளும் அதில் மினுங்குகின்றன. இன்றைய பகடை விளையாட்டில் வெலினாவும் காமெனும் இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கு முந்தைய திரேசிய வீரர்கள். நான் நடுவர். எங்கள் பல்கேரிய மண்ணில் தோண்டியெடுத்த சான்று இல்லாமல் யாருக்கும் ஒரு ஊசிகூடக் கிடையாது. அருங்காட்சியகப் பட்டியல் என் மடியில் இருக்கிறது. காமென் அதிலுள்ள வெண்கல மார்க்கவசத்தின் படத்தைத் தொட்டுக் காட்டுகிறான். அவன் தோளுக்கென்றே வார்த்தது போல இருக்கிறது. வெலினாவும் அந்தத் தோளைத்தான் பார்க்கிறாள். “அது தலைவனுக்குடா. நீ மலை இடையன். சரித்திரம் ஒத்துக்காது,” என்கிறேன். “சரி, ஒரு கேடயமாவது குடு.” “ரெண்டு ஈட்டி, ஒரு நரித்தோல் தொப்பி. அவ்வளவுதான்.” “சரித்திரத்துக்கு என்மேல என்னடா கோபம்?” என்று காமென் சிரிக்கிறான். நல்ல பற்கள். அவற்றுக்கும் சான்று கேட்கலாமா என்று யோசிக்கிறேன். வெலினா அதற்குள் காகிதத்தில் அவனை வரைந்து, தலையில் நரிக்காது வைக்கிறாள். “அய்யோ, தொப்பியில எவ்வளவு அழகா இருக்கேடா! நீ என் கேடயத்துக்குள்ள வந்துடு.” அவளுடையது பிறை வடிவப் பிரம்புக் கேடயம். அவள் கேட்ட பெரிய வட்டக் கேடயத்தை, அது கிரேக்கருடையது என்று சற்று முன் மறுத்தவன் நான்தான். “அது ஒருத்தருக்கே பத்தாதே,” என்கிறேன். “ஒட்டி நின்னா பத்தும்,” என்று தன் நாற்காலியை அவன் பக்கம் இழுக்கிறாள். தரை கிறீச்சிடுகிறது. நான் பட்டியலை முதல் பக்கத்திலிருந்து புரட்டுகிறேன். திரேசியர்கள் ஒட்டி நிற்கவில்லை என்று எந்த அறிஞரும் எழுதிவைக்கவில்லை.