புல்லுக்குள் மூன்று குட்டிகள்

கடலைக்காட்டு வரப்போரம் புல்லுக்குள் மூன்று முயல் குட்டிகள் தனியாகச் சுருண்டு கிடந்ததைப் பார்த்ததும் செவலைக் கோழி மேய்ச்சலை விட்டு ஓடிவந்தது.

"ஐயோ, பெத்தவளைக் காணோமே! எந்த நரி கொண்டுபோச்சோ!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு, இறக்கையை விரித்து மூன்றின் மேலும் உட்கார்ந்துவிட்டது. தன் ஆறு குஞ்சுகளையும் பக்கத்திலேயே மேயவிட்டது. நடுவில் எழுந்துபோய், கொழுத்த புழுவாகப் பார்த்துக் கொத்திவந்து நீட்டியது. குட்டிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

"துக்கத்துல இருக்குதுங்க, பாவம்!" என்று அதற்கும் ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தது.

பொழுது சாயும்போது புதரிலிருந்து தாய் முயல் தயங்கித் தயங்கி வந்தது.

"அக்கா, கொஞ்சம் எழுந்திருக்கிறீங்களா? பால் குடுக்கணும்."

"ஏண்டி, உயிரோடதான் இருக்கியா? பச்சப் புள்ளைங்கள விட்டுட்டுப் பகல் பூரா எங்கடி சுத்தின?"

"அந்தப் புதர்லயேதான் இருந்தேன். நான் கூட இருந்தா என் வாசம் புடிச்சு நரி வந்துடும். குட்டிங்ககிட்ட வாசமும் வராது, சத்தமும் வராது. இன்னிக்கு நீங்க போட்ட சத்தத்துலதான் எனக்கு உயிரே இல்லக்கா."

கோழி சட்டென்று எழுந்துகொண்டது. குட்டிகள் முட்டி முட்டிக் குடித்தன.

மறுநாள் காலை கோழி அதே வரப்பில் குஞ்சுகளோடு வந்தது. புல் லேசாக அசைந்தது. கோழி அலகை இறுக மூடிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து, அந்த இடத்தைத் தாண்டிப் போனது.

கடைசிக் குஞ்சு பதறிப்போய் ஓடிவந்தது.

"அம்மா, உனக்கு உடம்புக்கு என்னம்மா?"